யுஎச்டி 620-இல் ஜிடிஏ 5 திக்குகிறது: செட்டிங்கைத் தொடுவதற்கு முன் ரேமைப் பாருங்கள்

கேள்வி, 2024 ஏப்ரல் 6

அண்ணா, என்னுடையது ஐ5-8250யு லேப்டாப். 8 ஜிபி ரேம், யுஎச்டி 620 (பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் சிப்), ஃபுல் எச்டி திரை. ஜிடிஏ 5-இல் எல்லாவற்றையும் லோவில் வைத்தும் வண்டி ஓட்டும்போது திக்கித் திக்கிப் போகிறது. ஆட்டத்தை வேகமாக்கும் என்று வீடியோவில் சொன்ன பூஸ்டர் எல்லாம் போட்டாச்சு. ரெஜிஸ்ட்ரியில் வி-ரேமை (கிராபிக்ஸுக்கான தனி மெமரி) 512 எம்பி ஆக்கினேன். ஒன்றும் மாறவில்லை. ஹாஸ்டலில் எல்லாரும் வேறு லேப்டாப் வாங்கு என்கிறார்கள். வீட்டில் கேட்கிற நிலைமை இல்லை. வழி ஏதாவது உண்டா?

ஏப்ரல் 6, இரவு

உண்டு. "வேறு வாங்கு" என்று சொல்கிறவர்களை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள் தம்பி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டுங்கள். கீழே எத்தனை ஸ்லாட் பயனில் இருக்கிறது என்று ஒரு வரி வரும். 1 / 2 என்று இருந்தால் உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி அங்கேதான்.

பூஸ்டர்களை இன்றைக்கே நீக்கிவிடுங்கள். பின்னணியில் ஓடும் நாலு புரோகிராமை மூடுவதைத் தாண்டி அவை எதுவும் செய்வதில்லை. அதைக் கையாலேயே செய்யலாம். ரெஜிஸ்ட்ரியில் மாற்றிய 512 வெறும் எண். சில ஆட்டங்கள் தொடங்கும்போதே "தனி மெமரி எவ்வளவு?" என்று கேட்டுப் பார்த்து, குறைவாக இருந்தால் திறக்கவே மறுக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் அது உதவும். கிராபிக்ஸ் சிப்புக்கு ஒரு எம்பி கூட அதனால் கூடுதலாகக் கிடைக்காது. தேவைப்படும்போது விண்டோஸே ரேமில் பாதி வரைக்கும் அதற்குக் கொடுக்கிறது.

ஏப்ரல் 7

ஏன் ரேம், ரேம் என்கிறேன் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் கணக்கு பார்ப்போம்.

தனி கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்தமாக மெமரி உண்டு. யுஎச்டி 620 போல பிராசசரோடு சேர்ந்தே வரும் இன்டகிரேட்டட் சிப்புக்குக் கிடையாது. பிராசசர் குடிக்கிற அதே ரேமில்தான் அதுவும் குடிக்க வேண்டும். ஒரே தெருக்குழாயில் இரண்டு வீட்டார் குடம் வைத்த கதை. டிடிஆர்4-2400 ரேம் ஒன்று மட்டும் போட்டால் விநாடிக்கு அதிகபட்சம் 19.2 ஜிபி வரும். இரண்டாவது ஸ்லாட்டிலும் ஒன்றைப் போட்டால் இரட்டைச் சேனல், 38.4 ஜிபி. பிராசசரின் அன்றாட வேலைக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அதனால்தான் பல கம்பெனிகள் ஒற்றை ரேமைப் போட்டு விற்றுவிடுகின்றன. ஆட்டத்தைத் திறந்த உடனே தெரியும்.

மெமரி வேகம் என்ன செய்யும் என்பதற்கு ஜிடி 1030 என்கிற தனி கிராபிக்ஸ் கார்டு நல்ல சாட்சி. 2017-இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது, விநாடிக்கு 48 ஜிபி. அடுத்த வருஷம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்று வந்தது, 16.8 ஜிபி. பெட்டியில் பெயர் ஒன்று, கிட்டத்தட்ட அதே சிப். ஆனால் பல ஆட்டங்களில் பாதி வேகத்துக்கு இறங்கிவிட்டது.

இன்டகிரேட்டட் என்றாலே மட்டம் என்று நினைக்கவும் வேண்டாம். பிளேஸ்டேஷன் 4-இல் இருப்பதும் பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே சிப்பில் சேர்ந்ததுதான். ஆனால் அதற்கு விநாடிக்கு 176 ஜிபி தருகிற மெமரி கொடுத்திருந்தார்கள். கையில் பிடித்து ஆடுகிற ஸ்டீம் டெக்கும் அப்படித்தான்: 15 வாட் சிப், 88 ஜிபி. உங்கள் லேப்டாப் அந்த உயரத்துக்கு வராது. ஆனால் 19-இலிருந்து 38-க்கு வருவது சின்ன விஷயம் இல்லை.

ஏப்ரல் 7, மாலை

தம்பிக்கு 1 / 2 என்று வந்திருக்கிறதாம். நல்ல செய்தி.

வாங்க வேண்டியது: டிடிஆர்4 லேப்டாப் ரேம், 1.2 வோல்ட், 8 ஜிபி. கடையில் 3200 தான் இருக்கிறது என்றால் அதையே வாங்கலாம், உங்கள் பிராசசர் அதை 2400-இல் ஓட்டிக்கொள்ளும். ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கை கடித்தால் 4 ஜிபி போட்டாலும் பலன் உண்டு; 8-உம் 4-உம் சேரும்போது முதல் 8 ஜிபி இரட்டைச் சேனலிலும் மிச்சம் 4 ஒற்றையிலும் ஓடும். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் பழைய ரேமும் கிடைக்கும். வாங்கும்போது அங்கேயே ஒரு லேப்டாப்பில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் கேளுங்கள், அது வாங்குகிறவரின் உரிமை.

ஏப்ரல் 10

கடையில் மாட்டக் கூலி கேட்கிறார்கள், நானே மாட்டலாமா என்று கேட்கிறார். மாட்டலாம். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

லேப்டாப்பை ஷட் டவுன் செய்யுங்கள். ஸ்லீப்பில் விடக் கூடாது. சார்ஜரைப் பிடுங்குங்கள். அடிமூடித் திருகுகளைக் கழற்றும்போது எது எங்கே இருந்தது என்று ஒரு தாளில் படம் போட்டு, அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளம் வேறு வேறாக இருக்கும். ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கலாம். மூடியைத் திருகுப்புளியால் நெம்ப வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டு போதும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. இதைத் தவறவிடவே கூடாது.

ரேமின் தங்கப் பற்களுக்கு நடுவே ஒரு வெட்டு இருக்கும். ஸ்லாட்டில் இருக்கும் மேட்டோடு அதைப் பொருத்தி, சாய்வாக உள்ளே தள்ளுங்கள். தங்க நிறம் அனேகமாக மறைகிற வரைக்கும் போக வேண்டும். பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கிகளும் 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் சரியாக உட்காரவில்லை, எடுத்து மறுபடி போடுங்கள்.

முதல் முறை ஆன் செய்யும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே நிற்கும். புது ரேமை அளந்து பார்க்கிறது. பயந்துபோய் உடனே அணைத்துவிட வேண்டாம்.

ஏப்ரல் 10, பிற்பாடு

மேலே விட்டுப்போனது: மாட்டிய பிறகு சிபியு-இசட் என்கிற மென்பொருளைப் போட்டு, மெமரி பக்கத்தில் சேனல் டூயல் (புதிய பதிப்பில் 2 x 64-bit) என்று வருகிறதா பாருங்கள். வேகம் 1200 என்று காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம். ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு தடவை அனுப்புகிற ரேம் என்பதால் அதை இரட்டித்துப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்து. தம்பியின் லேப்டாப்பில் ரேம் ஏறிவிட்டது. விநாடிக்கு முப்பது ஃபிரேமுக்குக் (எஃப்பிஎஸ்) கீழே ஆடிக்கொண்டிருந்தது இப்போது ஊருக்குள் நாற்பதை ஒட்டி நிற்கிறது என்கிறார். பத்து நிமிஷம் ஆனதும் இறங்குகிறது என்பது அடுத்த புகார். இது இரண்டாவது பங்கீட்டுப் பிரச்சினை. முதலாவது மெமரி, இது மின்சாரம்.

ஐ5-8250யு 15 வாட் சிப். அந்த 15-க்குள்தான் நாலு கோரும் கிராபிக்ஸும் பிழைக்க வேண்டும். தொடக்கத்தில் கொஞ்ச நேரம் அதைவிட அதிகமாக இழுக்க அனுமதி உண்டு, அப்புறம் பழைய வரம்புக்கு வந்துவிடும். அப்போது கோர்கள் 3.4 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏறத் துடிக்கும். பாவம், கிராபிக்ஸ் தன் 1100 மெகாஹெர்ட்ஸிலிருந்து இறங்கிப் போகும். எச்டபிள்யூஇன்ஃபோ என்கிற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, ஆடும்போது கிராபிக்ஸ் வேகம், மொத்த வாட், வெப்பம் மூன்றையும் பாருங்கள். வெப்பம் 100 டிகிரியை நெருங்காமலே கிராபிக்ஸ் வேகம் இறங்கினால் காரணம் வாட். 100-ஐ ஒட்டினால் காரணம் சூடு. இரண்டுக்கும் மருந்து வேறு.

வாட் என்றால், பிராசசரைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். பவர் ஆப்ஷனில் அதிகபட்ச பிராசசர் நிலையை 99% ஆக்கினால் டர்போ (கோர்கள் அடிப்படை வேகத்தைத் தாண்டி ஏறுவது) நின்றுவிடும். அந்த மிச்சம் கிராபிக்ஸுக்குப் போகும். பிராசசரை இறக்கினால் ஆட்டம் வேகமாகும் என்பதை நம்ப எனக்கும் முதலில் மனசு வரவில்லை. கிராபிக்ஸ் வேகம் அசையாமல் 1100-இல் நிற்பதைக் கண்ணால் பார்த்தபோதுதான் நம்பினேன்.

ஏப்ரல் 15

நேற்றைய 99% பற்றி இரண்டாம் யோசனை. அது ரொம்ப முரட்டு வழி. இந்தச் சிப்பில் டர்போவை அணைத்தால் கிட்டத்தட்ட 1.6 கிகாஹெர்ட்ஸுக்கே இறங்கிவிடும். ஜிடிஏ 5 போல ஊரையே கட்டி மேய்க்கிற ஆட்டத்துக்கு அது போதாமல் போகலாம். த்ராட்டில்ஸ்டாப் என்கிற மென்பொருளில் ஸ்பீடு ஷிஃப்ட் மேக்ஸை 24 என்று வையுங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸில் நிற்கும். அங்கிருந்து மேலே கீழே நகர்த்திப் பார்த்தால் உங்கள் மெஷினுக்கு ஏற்ற இடம் கிடைத்துவிடும்.

வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றில் பிராசசருக்கே வேலை அதிகம், அடக்கினால் எஃப்பிஎஸ் விழும். வாலரன்ட்டின் குறைந்தபட்சத் தேவையே 2012 காலத்து எச்டி 4000 கிராபிக்ஸ்தான், 30 எஃப்பிஎஸ்ஸுக்கு. அதனால் யுஎச்டி 620-க்கு அது பெரிய சுமை கிடையாது. கவுன்டர் ஸ்ட்ரைக் கதை வேறு. 2023 செப்டம்பரில் ஜிஓ போய் 2 வந்த பிறகு பழைய லேப்டாப்பில் ஆடிய எத்தனையோ பையன்கள் வெளியே நிற்கிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம். எஃப்எஸ்ஆர் (சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்குவது) வசதி உள்ளேயே இருக்கிறது, போட்டுப் பாருங்கள். ஆனால் பழைய வேகம் திரும்பாது.

ஏப்ரல் 17

ஜிடிஏ 5 செட்டிங். கிராபிக்ஸ் பக்கத்தில் மேலே வீடியோ மெமரிப் பட்டை இருக்கும். இன்டகிரேட்டட் சிப்பில் சின்ன அளவைக் காட்டி எதைத் தொட்டாலும் சிவப்பாகிவிடும். 'இக்னோர் சஜஸ்டட் லிமிட்ஸ்' என்பதை ஆன் செய்துவிட்டு மேலே போகலாம்.

விளிம்புகளை வழவழப்பாக்கும் எம்எஸ்ஏஏ கண்டிப்பாக ஆஃப். ஒரே புள்ளியை நாலு மாதிரியாக எழுதிப் படிக்கிற வேலை அது. மெமரிப் பஞ்சத்தில் இருக்கிற சிப்புக்கு அதுதான் முதல் எதிரி. விளிம்பு கூர்மையாகக் குத்துகிறது என்றால் அதே வேலையை இலேசாகச் செய்கிற எஃப்எக்ஸ்ஏஏ போதும். புல் நார்மலில் இருக்கட்டும். ஊருக்குள் வித்தியாசமே தெரியாது, ஊருக்கு வெளியே பிளெய்ன் கவுன்டி பக்கம் வண்டியைத் திருப்பினால் தெரியும்: ஒன்றன் மேல் ஒன்றாக ஆயிரம் இதழ், எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். போஸ்ட் எஃப்எக்ஸ், நிழல், பிரதிபலிப்பு மூன்றும் அடிமட்டத்தில். ஜன அடர்த்தியைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். அது பிராசசர் வேலை, ஆனால் 15 வாட் கணக்கில் பிராசசர் மிச்சப்படுத்தியது கிராபிக்ஸுக்குத்தான் வந்து சேரும்.

டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படம்) நார்மலுக்குக் கீழே கொண்டுபோக முடியாது, கவலையும் வேண்டாம். 16 ஜிபி ஆன பிறகு அது பெரிய தொல்லை கொடுக்காது.

ஆட்டத்துக்குள்ளேயே வேகத்தை அளக்கிற பெஞ்ச்மார்க் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். பத்தையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

ஏப்ரல் 17, இரவு

ரெசல்யூஷனைச் சொல்லாமல் விட்டேன் என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். தனியாகச் சொல்ல வேண்டியதால்தான் விட்டேன்.

1920×1080 என்றால் 20.7 லட்சம் புள்ளி. 1600×900 என்றால் 14.4 லட்சம். 1280×720 என்றால் 9.2 லட்சம். எல்லா செட்டிங்கையும் லோவில் தள்ளிவிட்டு ஃபுல் எச்டியைப் பிடித்துத் தொங்குவதைவிட, 900-க்கு வந்துவிட்டு நிழலைக் கொஞ்சம் அழகாக வைத்துக்கொள்வது என் விருப்பம். 15 அங்குலத் திரையில் கை தூரத்தில் 900 மோசமாக இருக்காது. 720 மங்கலாகத்தான் இருக்கும். அங்கே எஃப்எஸ்ஆர் கை கொடுக்கும். 2021-இல் வந்த முதல் எஃப்எஸ்ஆர் எந்தக் கம்பெனிச் சிப்பிலும் ஓடும்; ஆட்டத்துக்குள் அது இல்லாவிட்டால் ஸ்டீமில் கிடைக்கிற லாஸ்லெஸ் ஸ்கேலிங் வெளியிலிருந்து அதையே செய்யும். ஜிடிஏ 5-இல் ஃபிரேம் ஸ்கேலிங் மோட் என்று ஒன்று உண்டு, 3/4 வைத்தால் படத்தைச் சின்னதாக வரைந்து இழுத்துக் காட்டும்.

ஏப்ரல் 20

ஃபிரேம் ஜெனரேஷன் போட்டால் 25-ஐ 50 ஆக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்கிறார். எண் ஆகும், ஆட்டம் ஆகாது. இரண்டு உண்மை ஃபிரேமுக்கு நடுவே ஒன்றைக் கற்பனையாகச் செருக, அடுத்த உண்மை ஃபிரேம் வருகிற வரை காத்திருக்க வேண்டும். 25-இல் ஒவ்வொரு ஃபிரேமும் 40 மில்லிவிநாடி. அந்தக் காத்திருப்பு கைக்குத் தெரியும். அந்தக் கற்பனையை வரைவதும் இதே சிப் என்பதால் இருக்கிற 25-உம் இறங்கும். அடிப்படை வேகம் நன்றாக இருந்து அதை இன்னும் மென்மையாக்க வேண்டும் என்கிறவர்களுக்கானது அது.

அதைவிட உருப்படியான வேலை, வேகத்துக்கு ஒரு உச்சவரம்பு போடுவது. 28-க்கும் 45-க்கும் இடையே குதிப்பதைவிட 30-இல் அசையாமல் நிற்பது கண்ணுக்கு இதம். ரிவாட்யூனர் என்கிற மென்பொருளில் எண்ணை அடித்தால் போதும். ஸ்டீம் டெக்கில் 40-ஐ விரும்பி வைப்பார்கள். 30-இல் ஒரு ஃபிரேம் 33.3 மில்லிவிநாடி, 60-இல் 16.7, நட்ட நடு 25, அதுதான் 40 எஃப்பிஎஸ். ஆனால் டெக் தன் திரையையும் 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொள்ளும். 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 ஓட்டினால் தாளம் தப்பும். டிஸ்பிளே செட்டிங்கில் 48 ஹெர்ட்ஸ் என்று ஒரு தேர்வு சில லேப்டாப்களில் இருக்கும், இருந்தால் 48-க்கு முயலுங்கள், எட்டாவிட்டால் 30.

ஏப்ரல் 26

இன்னொருவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். ஐ5-1135ஜி7 லேப்டாப், பெட்டியில் ஐரிஸ் எக்ஸ்இ என்று போட்டிருக்கிறது, டிவைஸ் மேனேஜரில் வெறும் யுஎச்டி கிராபிக்ஸ் என்று வருகிறது, போலிச் சிப்பைத் தலையில் கட்டிவிட்டார்களா என்கிறார்.

சிப் அசல்தான். இரட்டைச் சேனல் மெமரி இருந்தால்தான் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரைக் காட்ட வேண்டும் என்பது இன்டெலின் விதி. ஒற்றை ரேம் என்றால் அதே 80 கிராபிக்ஸ் யூனிட் கொண்ட சிப் யுஎச்டி என்ற பெயரில் வரும். இன்னொரு ரேமைப் போடுங்கள், பெயர் தானாக மாறும், வேகமும் மாறும். அந்த ஸ்டிக்கரை ஒட்டி ஒற்றை ரேமோடு விற்பது சரியில்லை என்பது என் கருத்து. வாங்குகிறவருக்குக் கடையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மே 5

வெயில். என் அறையில் மதியத்தில் லேப்டாப்பைத் தொட முடியவில்லை.

சூடு என்றால் என்ன மருந்து என்று ஏப்ரல் 14-இல் சொல்லாமல் போனேன். பின்பக்கத்தை ஒரு அங்குலம் உயர்த்துங்கள், இரண்டு பாட்டில் மூடி போதும். மெத்தை மேல் வைத்து ஆடவே ஆடாதீர்கள், காற்று இழுக்கிற துளை அடியில்தான் இருக்கிறது. நாலைந்து வருஷ லேப்டாப் என்றால் ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். பிரஷ்ஷால் எடுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள். தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து போயிருக்கும். இரண்டையும் செய்தால் வெயில் காலத்து வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கரண்ட் போனதும் ஆட்டம் நொண்டுகிறது என்பவர்களுக்கு: பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தானே வாட்டைக் குறைத்துக்கொள்கிறது. பழுது இல்லை.

மே 11

ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறது, ஸ்லாட்டே இல்லை என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார். தங்கச்சி, முதலில் சிபியு-இசட் பாருங்கள். பற்றவைத்த ரேம் பல மெஷின்களில் ஏற்கனவே இரட்டைச் சேனலாகத்தான் இருக்கும். அப்படி இருந்தால் ஸ்லாட் இல்லாதது குறையே இல்லை. ரெசல்யூஷன், வாட், சூடு என்று மேலே சொன்னதில் இறங்கலாம்.

மே 19

கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிற ரைசன் 5 5600ஜி பிராசசர் போட்ட டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு. புதிதாக அசெம்பிள் செய்து வந்த மெஷினில் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் செட்டிங் பக்கம்) போய் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் தேர்வு) ஆனில் இருக்கிறதா பாருங்கள். என் அண்ணன் வீட்டு மெஷினை ஒரு கடையில்தான் அசெம்பிள் செய்தார்கள். 3200 ரேமுக்குக் காசு கொடுத்திருந்தும் வாங்கிய நாளிலிருந்து 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ரேமையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் வேறு சொருகியிருந்தார்கள். நாலு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்தான் ஜோடி. மாற்றிப் போட்ட பிறகு அது வேறு மெஷின் மாதிரி ஓடியது.

யுஎம்ஏ பஃபர் என்று பயாஸில் இருக்கும், கிராபிக்ஸுக்கு ரேமில் தனியாக ஒதுக்குவது. இது இன்டெல் ரெஜிஸ்ட்ரி எண் போல இல்லை, உண்மையாகவே ஒதுக்கும். மொத்தம் 16 ஜிபி இருந்தால் 2 ஜிபி கொடுக்கலாம். மொத்தமே 8 என்றால் கையை வைக்க வேண்டாம், விண்டோஸ் மூச்சு முட்டும்.

ஜூன் 2

லீவு முடிகிற நேரத்தில் மைன்கிராஃப்ட் கேள்விகள். ஜாவா பதிப்பு என்றால் மாட்களை (ஆட்டத்தை மாற்றும் துணைக் கோப்புகள்) ஏற்றுகிற ஃபேப்ரிக் போட்டு அதில் சோடியம் மாட் போடுங்கள். இன்டகிரேட்டட் சிப்பில் இதற்கு இணையான இலவச லாபம் வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. ரெண்டர் டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் வரைவது) 16 என்றால் 33×33, அதாவது 1089 சங்க் (உலகின் சதுரத் துண்டு) வரைய வேண்டும். 8 என்றால் 17×17, வெறும் 289. பாதியாக்கினால் வேலை கால்வாசிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

ஜாவாவுக்கு 6 ஜிபி கொடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 8 ஜிபி மெஷினில் கிராபிக்ஸுக்கும் அதே ரேம்தான். மாட் அதிகம் இல்லாவிட்டால் 2 முதல் 3 ஜிபி தாராளம். சிமுலேஷன் டிஸ்டன்ஸை (எவ்வளவு தூரம் வரை உலகம் இயங்க வேண்டும் என்பது) 5-க்கு இறக்குங்கள். தூரத்தில் வைத்திருக்கிற பயிர்ப் பண்ணை நீங்கள் பக்கத்தில் போனால்தான் வளரும், அது போன்றவைதான் இழப்பு.